குழாய் வற்றிய காலையில் கேட்ட கேள்வி

இந்த மையத்துக்குப் புதிதாக வந்த தாதியரே, உங்களில் யாரோ ஒருவருடைய லாக்கர் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. தாடி வைத்த சலவைக்கல் தலை. முகத்தில் சலனம் இல்லை. கீழே ‘ஸ்டோயிக்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. யாருடைய லாக்கர் என்று நான் விசாரிக்கவில்லை. ஓய்வு பெற்றுப் போனவள் தாதியர் அறைக்குள் எட்டிப் பார்த்ததே அதிகம்.

ஆனால் அந்தத் தலையைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு. அதன் கண்ணில் கருமணி இல்லை. அது எதையும் பார்க்கவில்லை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு டயாலிசிஸ் மையத்தில் அரை நாள்கூட வேலை செய்ய முடியாது.

கிரேக்கத்தில் தோன்றி ரோமாபுரியில் வளர்ந்த அந்த ஸ்டோயிக் சிந்தனையை இப்போது கைப்பேசியில் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறார்கள். எதற்கும் கலங்காதே. உன் கையில் இல்லாததை விட்டுவிடு. இரண்டும் தவறில்லை. ஆனால் அவை பாடத்தின் கடைசிப் பக்கம். முதல் பக்கத்தில் இருப்பது வேறு. கண்முன் வந்து நிற்கும் தோற்றத்துக்கு உடனே தலையாட்டாதே; அதில் நீ கண்டது எவ்வளவு, நீயாகச் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார். அடிமையாக இருந்தவரும் பேரரசராக இருந்தவரும் அந்தப் பள்ளியில் படித்தது இதைத்தான். கலங்காமல் இருப்பது, இதைச் செய்து பழகியவருக்குத் தானாக வருவது.

நான் இதைத் தத்துவமாகப் படிக்கவில்லை. தாதியர் பயிற்சிக்குப் போவதற்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு தமிழ் நாளிதழின் கிளை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஊர்களிலிருந்து நிருபர்கள் தொலைபேசியில் சொல்லும் செய்தியை எழுதி ஆசிரியர் மேசைக்குக் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் பேருந்து விபத்துச் செய்தி ஒன்றில் ‘கோரமான விபத்து’ என்று எழுதியிருந்தேன். மேசையில் இருந்த துணையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

“நிருபர் கோரம்னு சொன்னாரா?”

“இல்லக்கா. ஆனா கோரமாத்தானே இருந்திருக்கும்.”

“பஸ் எங்க கெடக்குன்னு சொன்னாரா?”

“சொல்லல.”

“அப்ப கோரம் உனக்குத் தெரியுது, பஸ் தெரியல. திரும்பக் கூப்பிட்டுக் கேளு.”

கேட்டேன். பேருந்து ஓரப் பள்ளத்தில் சாய்ந்து நின்றிருந்தது. பயணிகள் எல்லாரும் இறங்கி மரத்தடியில் நின்று, அடுத்த பேருந்து எப்போது வரும் என்று ஓட்டுநரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அந்த மேசையில் ஒரே கேள்விதான் எனக்குப் பழக்கமானது: யார் சொன்னது? பிற்பாடு தாதியாகி மாசாயில் இருக்கும் இந்த மையத்துக்கு வந்தபோது என்னோடு வந்த உருப்படியான சாமான் அது ஒன்றுதான். அதைக்கூட ஒரு காலையில் கிட்டத்தட்ட மறந்துவிட்டேன். அந்தக் காலையைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

தைப்பூச வாரத்தின் திங்கட்கிழமை. திங்கள் நமக்கு எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். வாரக்கடைசி முழுவதும் இரத்தம் சுத்தம் ஆகாமல் இருந்துவிட்டு நோயாளிகள் வருவார்கள். வாரத்திலேயே அவர்களுக்கு ஆபத்து அதிகமான காலை அது.

மையத்தைத் திறந்தபோது குழாயில் காற்று வந்தது. தண்ணீர் நிறுவனத்தைக் கூப்பிட்டால், ஆற்றில் மேலே எங்கோ கழிவு கலந்துவிட்டது, சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள், எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார்கள். தண்ணீர் லோரிக்குச் சொன்னோம். மத்தியானத்துக்கு மேல் வரலாம் என்று பதில் வந்தது. காலையில் வரவேண்டிய எட்டு நோயாளிகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர், முழு நேரம் ஓட்டினால் பாதிப் பேருக்குத்தான் போதும். இயந்திரம் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னோடு அன்று இருந்தவர் ரேவதி. முப்பது வயதைத் தாண்டிய, கைத்திறமை உள்ள தாதி. மோட்டார் சைக்கிளில் வரும்போது காதில் இந்த ஸ்டோயிக் பேச்சுகளைக் கேட்டுக்கொண்டே வருவார். தொட்டியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து கைகளைத் துடைத்துக்கொண்டார்.

“ஆத்துல எவனோ கழிவ ஊத்திட்டான் மிஸ்ஸி. நம்ம கையில என்ன இருக்கு? இருக்கிற தண்ணிக்கு நாலு பேரப் போடுவோம். மத்தவங்கள வீட்டுக்கு அனுப்புவோம். டென்ஷன் ஆகாதீங்க.”

நோயாளிகள் தாதியைக் கூப்பிடுவதுபோல ரேவதியும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். குரலில் பதற்றம் இல்லை. நானும் அப்படியே செய்வோம் என்றேன். மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் ஜொகூர் பாருவிலிருந்து வரும் வழியில் நெரிசலில் நின்றிருந்தார். “நீங்க நேர்ல பாக்குறீங்க, சிஸ்டர். யாருக்கு அவசரம்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

யாருக்கு அவசரம் என்று பார்ப்பது அன்று கடினமாகத் தெரியவில்லை. கருணாகரன் ஐயா முன்னால் குனிந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முன்பு பாசிர் கூடாங் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். வாரக்கடைசியில் உறவுக்காரர் வீட்டு விருந்தில் மோர் குடித்திருக்கிறார், ரசம் குடித்திருக்கிறார். உடம்பில் நீர் தேங்கி எடை ஏகத்துக்கும் ஏறியிருந்தது. பக்கத்தில் அவருடைய மகன் குமரன் நின்றுகொண்டு, எங்களிடம் நேராகச் சொல்லாமல் எல்லாருக்கும் கேட்கும்படி பேசிக்கொண்டிருந்தான்.

“மூச்சு வாங்குது, கண்ணு தெரியலயா? இன்னும் தண்ணி தண்ணின்னுட்டு நிக்கிறாங்க. அலமாக், என்ன கொடும இது!”

இவருக்கு முதல் நாற்காலி. எடை ஏறியிருந்த இன்னும் மூன்று பேருக்கு அடுத்த மூன்று. மீதி நான்கு பேர் சாயங்காலம் வரவேண்டும். அந்த நான்கு பேரில் பத்மாவும் ஒருத்தி.

பத்மாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இன்றும் வருகிறாள். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. சிறுநீரகம் பழுதான புதிதில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தாள். திரும்ப வேலைக்குப் போனால் பால்குடம் எடுப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டாள். முந்தின ஆண்டின் நடுவில் வேலைக்குத் திரும்பினாள். அதனால் இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தே ஆகவேண்டும். வாரக்கணக்காக அதே பேச்சு. மஞ்சள் புடவையின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு நாற்காலி நாற்காலியாகக் காட்டியிருக்கிறாள்.

அன்று காலை உள்ளே வந்ததுமே, “என்ன மிஸ்ஸி, குழாயும் விரதமா?” என்று கேட்டவள் அவள்தான். எடை பார்த்தோம். ஏறவே இல்லை. “எல்லாரும் பத்மா மாதிரி இருக்கணும்” என்று மற்றவர்களுக்குக் கேட்கும்படி நான் சொன்னேன். அவள் ஒரு கும்பிடு போட்டாள்.

சாயங்காலம் வரச் சொன்னபோது எழுந்து முதலில் கிளம்பியதும் அவள்தான்.

“எனக்கென்ன மிஸ்ஸி, காத்தாட்டம் இருக்கேன். ஐயாவ முதல்ல பாருங்க. நான் வீட்டுல போய்ப் படுத்துட்டு வரேன் லா.”

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு போனாள். நான் கருணாகரன் ஐயாவுக்கு ஊசி போடக் கையுறையை மாட்டிக்கொண்டு, எதற்கோ நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே பத்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டாண்டைத் தட்டக் காலை எடுக்கப் பார்த்தாள். கால் எழும்பவில்லை. குனிந்து, இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்துத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் வைத்தாள்.

அப்போதுதான் அந்தப் பழைய மேசை ஞாபகம் வந்தது. ‘பத்மா நன்றாக இருக்கிறாள்.’ யார் சொன்னது? பத்மா சொன்னாள். தராசு சொன்னதா? தராசு எடையை மட்டும்தான் சொன்னது. சிரித்தாள், கேலி பேசினாள், எடை ஏறவில்லை. மூன்றும் நான் கண்டவை. ‘நன்றாக இருக்கிறாள்’ என்பது நான் சேர்த்தது. அதை நம்பி அவளை வெயிலில் வண்டி ஓட்ட அனுப்பிவைத்திருக்கிறேன்.

கையுறையோடு வெளியே ஓடினேன்.

“பத்மா, எறங்கு.”

“ஏன் மிஸ்ஸி, ரோட் டேக்ஸ் பாக்கப் போறீங்களா?”

“கால் என்னாச்சு?”

“கொஞ்சம் கனமா இருக்கு. விரதம்ல, அப்படித்தான் இருக்கும்.”

“விரதத்துல என்ன சாப்பிடுற?”

“ஒண்ணும் சாப்பிடுறதில்ல. அதான விரதம்?”

“ஒண்ணும்னா?”

“ஒரு வேளை கொஞ்சம் சோறு. மத்தபடி பாலு, பழம். நேத்து கோயில்ல எளநீ குடுத்தாங்க, அது பாதி.”

“என்ன பழம்?”

“வாழப்பழம்தான். சாமிக்கு வச்சது.”

“பழம் தொடாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கோம்?”

அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னை உண்மையான ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

“அது பாசார்ல வாங்கித் திங்கிற பழம் லா மிஸ்ஸி. இது பிரசாதம்.”

நாம் கொடுக்கும் உணவு அட்டையில் வாழைப்பழம் கூடாது என்று படம் போட்டுச் சொல்லியிருக்கிறோம். விரதம் என்ற சொல் அதில் இல்லை. கேட்கவேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. விரதம் என்றால் சாப்பாடு குறையும், தண்ணீர் குறையும், எடை குறையும். நோயாளிக்கு நல்லதுதானே என்று அவர்களும் நினைத்தார்கள், நாங்களும் நினைத்தோம். குறைந்த எடைக்குள் பாலும் பழமும் இளநீரும் சேர்த்துவைத்த பொட்டாசியத்தைத் தராசு காட்டாது. அது மூச்சு வாங்கவைக்காது, வலிக்காது. காலைக் கனமாக்கும். பிறகு இதயத்தை நிறுத்தும்.

அவளை உள்ளே கூட்டிவந்து படுக்கவைத்து இதயத் துடிப்பைப் பதிவு செய்தோம். தாளில் வந்த முனைகள் கூடாரம் கூடாரமாக எழும்பியிருந்தன; பொட்டாசியம் ஏறினால் அப்படித்தான் எழும்பும். படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“இது யாரு? மூச்சு வாங்குறவரா?”

“இல்ல டாக்டர். சிரிச்சுகிட்டு இருக்கிறவங்க.”

அவர் வேகமாகச் சொன்னார். இதயத்தைக் காக்கும் ஊசியை இப்போதே போடுங்கள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவையுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது, உடனே போடுங்கள்.

போட்டோம். அதாவது, கருணாகரன் ஐயாவுக்குத் தயார் செய்திருந்த இயந்திரத்தில் பத்மாவைப் போட்டோம். அது ஒன்றுதான் அப்போது ஓடத் தயாராக இருந்தது.

குமரன் நேராக என் முகத்துக்கு முன் வந்து நின்றான்.

“என்ன மிஸ்ஸி வெளையாடுறீங்களா? எங்கப்பா இங்க மூச்சு விட முடியாம கெடக்குறாரு. அந்தக்கா ஜோக் அடிச்சுகிட்டு மோட்டார்ல போச்சு. அதப் புடிச்சு எங்கப்பா எடத்துல போடுறீங்க?”

அவன் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. அவன் அப்பாவால் மூச்சு விட முடியவில்லை. அந்த அக்கா கேலி பேசினாள். கண்ணால் கண்டதைத்தான் சொன்னான். அவன் கோபப்படுவது நியாயம் என்று எனக்குத் தெரிந்ததால் எனக்குக் கோபம் வரவில்லை. வேறு பெரிய பக்குவம் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு இடித்தது. இப்போது அவசரமானவர்கள் ஐந்து பேர். தண்ணீர் நான்கு பேருக்கு.

இங்கேதான் ரேவதி வருகிறார். அவர் பத்மாவின் தலைமாட்டில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ‘நம்ம கையில என்ன இருக்கு’ என்று சொன்ன அதே ரேவதி. அந்தக் கேள்விக்கு விடை இல்லை என்ற தொனியில் காலையில் கேட்டார். இப்போது அதையே விடை வேண்டும் என்று கேட்டார் என நினைக்கிறேன். சட்டென்று திரும்பினார்.

“மிஸ்ஸி, ஐயாவுக்கு இப்ப என்ன வேணும்?”

“டயாலிசிஸ்.”

“இல்ல மிஸ்ஸி. அவருக்கு ஒடம்புல ஏறின நீர எறக்கணும். இப்பதைக்கு அவ்வளவுதான். நீர மட்டும் எறக்கறதுக்கு நம்ம தொட்டித் தண்ணி ஏறக்குறைய வேணாமே!”

நீங்களும் இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நாங்களும் படித்திருந்தோம். இரத்தத்தைக் கழுவுவது ஒரு வேலை, உடம்பிலிருந்து நீரை இழுப்பது இன்னொரு வேலை. இயந்திரம் இரண்டையும் சேர்த்தே செய்வதால் நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். கழுவத்தான் தண்ணீர் வேண்டும். இழுக்கத் தண்ணீர் வேண்டாம். ‘டயாலிசிஸ் வேண்டும்’ என்று நான் சொன்னபோது இரண்டு வேலையையும் ஒரே சொல்லில் கட்டி, கட்டிய மூட்டைக்குத் தண்ணீர் போதவில்லை என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ரேவதி மூட்டையைப் பிரித்தார்.

தொலைபேசியில் இன்னும் இருந்த மருத்துவர், “நல்ல யோசனை! மூச்சு வாங்குறவங்களுக்கு முதல்ல நீர மட்டும் எடுங்க. கழுவுறத எல்லாருக்கும் நேரம் கொறச்சு, தண்ணி ஓட்டத்தயும் கொறச்சுப் பிரிச்சுக் குடுங்க. பத்மாவுக்கு மட்டும் கொறைக்காதீங்க” என்றார்.

யாரும் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. சாயங்காலம் வரச் சொன்ன மற்ற மூவரும் வாசலில் வண்டிக்குக் காத்திருந்தார்கள்; அவர்களை மடக்கித் திரும்ப உட்காரவைத்தோம். எட்டு நாற்காலியும் நிறைந்தது.

குமரனிடம் விளக்கினேன். அவனுக்கு அது சமாதானமாகப் படவில்லை.

“அப்ப எங்கப்பாவுக்குப் பாதிதான். அந்தக்காவுக்கு முழுசு. அப்படித்தான?”

கருணாகரன் ஐயா நாங்கள் மாட்டிவிட்டிருந்த ஆக்சிஜன் முகமூடியைக் கையால் கீழே இழுத்தார்.

“டேய், வாய மூடுறியா. அந்தப் புள்ளைக்கு நெஞ்சு நிக்கப் போவுதுங்குறாங்க. எனக்கு மோரு குடிச்ச வயிறு, எறக்குனா சரியாப் போயிடும். போய் எல்லாருக்கும் பசியாறக் கடையில ஏதாவது தப்பாவ் கட்டி வாங்கிட்டு வா.” மூச்சு வாங்கிக்கொண்டு, “வாழப்பழம் வாங்காத” என்று சேர்த்தார்.

எட்டு நாற்காலிகளும் சிரித்தன. பத்மாவும் சிரித்தாள். ரேவதி மட்டும் சிரிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில், “கூடாரம் எறங்குது மிஸ்ஸி” என்றார். போய்ப் பார்த்தேன். முனைகள் தணிந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் கருணாகரன் ஐயா முகமூடியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று காலை யாருடைய முகமும் சலவைக்கல்லாக இல்லை. ரேவதியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் கணக்கு தவறவில்லை. அந்தப் பழைய பள்ளிக்காரர்கள் கேட்டதும் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

வந்த ஆம்புலன்ஸை மருத்துவர் சொன்னபடி கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துப் பிறகு காலியாக அனுப்பினோம். மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் லோரி வந்தது. சோதித்துப் பார்த்து ஏற்றினோம். அடுத்த குழுவின் முறை வழக்கம்போல் நடந்தது.

கதை அங்கே முடியவில்லை. மருத்துவர் நெரிசலைக் கடந்து வந்து சேர்ந்து, பத்மாவின் காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு எல்லா மருத்துவர்களும் சொல்வதைச் சொன்னார்.

“இந்த வருஷம் பால்குடம் வேணாம்மா. விரதமும் வேணாம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

காலையில் இதயம் நிற்கப் போகிறது என்று சொன்னபோது மாறாத முகம் அப்போது மாறியது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அன்று பணயத்தில் இருந்தது எது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உயிரை அவள் எங்களிடம் விட்டிருந்தாள். வாக்கை யாரிடமும் விடவில்லை. ‘அடுத்த வருஷம்’ என்பதை அவ்வளவு சுலபமாகச் சொல்லக்கூடிய இடம் நம்முடைய மையம் அல்ல. நாற்காலியில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

விரதம் என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பத்மா, முருகன்கிட்ட என்ன வேண்டிக்கிட்ட?”

“பால்குடம் எடுக்குறேன்னு.”

“பழம் சாப்பிடுறேன்னு வேண்டிக்கிட்டியா?”

“இல்ல.”

“பால் குடிக்கிறேன்னு?”

“பால் தூக்குறேன்னுதான் மிஸ்ஸி வேண்டுனேன்.” திரும்பினாள். “குடிக்கிறேன்னு சொல்லல.”

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வேளை சைவச் சோறு இருக்கட்டும், காய்கறியை வேகவைத்து நீரை வடித்துவிட்டுச் சாப்பிடட்டும், பழமும் பாலும் இளநீரும் பிரசாதமாக வந்தாலும் வேண்டாம், தைப்பூசத்துக்கு முந்தின நாள் இன்னொரு முறை இயந்திரத்தில் போட்டு இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம் என்று நான் அடுக்கினேன். இரத்தம் ஒழுங்காக இருந்தால்தான் கோயில் என்றும் சொன்னேன். நம்பிக்கை அவளுடையது. அதில் கைவைக்க எனக்கு வேலை இல்லை. பொட்டாசியம் என்னுடையது. அதில் விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகத்தான் அதுவரை நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பிரித்துவைத்துப் பார்த்தால் அவை ஒன்றையொன்று தொடக்கூட இல்லை.

“ரத்தம் சொல்லட்டும்” என்றார் மருத்துவர். தைப்பூசத்துக்கு முந்தின நாள் இரத்தம் ‘சரி’ என்று சொன்னது.

அன்று மாலையே ரேவதி மையத்தில் மீதி இருந்த நோயாளிகள் எல்லாரிடமும் ஒரு கேள்வியைக் கேட்டு முடித்திருந்தார். விரதம் இருந்த இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். இருவருமே அந்த வாரம் எடை ஏறாததற்காக எங்களிடம் பாராட்டு வாங்கியவர்கள். இப்போது ஒவ்வொரு நோயாளியிடமும் ‘என்ன விரதம், அதில் என்ன சாப்பிடுகிறீர்கள்’ என்று நீங்கள் கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி பிறந்தது அந்தத் திங்கட்கிழமை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்காமல் பதிலைக் காதில் வாங்கிக் கேளுங்கள். அடுத்த ஆபத்து வேறு எங்கிருந்தோ வரும். அதற்கான கேள்வி இன்னும் யாருக்கும் தெரியாது. உங்களில் ஒருவர்தான் அதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள். கூச்சலிடுகிறவரைக் கவனிக்கும் நேரத்திலும், சிரித்துக்கொண்டு கதவைத் திறந்து போகிறவரின் மேல் ஒரு கண் வைத்திருந்தால் கண்டுபிடிப்பீர்கள்.

அதனால் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம். ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து அந்தத் தலைக்குக் கருமணி மட்டும் வரைந்துவிடுங்கள்.

தைப்பூசத்தன்று காலை, வேலை இல்லாத நாங்கள் சிலர் ஜொகூர் பாருவுக்குப் போனோம். கோயில் தெருவில் தண்ணீர்ப் பந்தல். அதில் கோப்பைகளை நீட்டிக்கொண்டு நின்றவன் குமரன். பந்தல் நிழலில் கருணாகரன் ஐயா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மகன் தனக்கு மட்டும் மோர் தராததைப் பற்றி வருவோர் போவோரிடமெல்லாம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் மஞ்சள் புடவை தெரிந்தது. தலையில் குடம். குடத்தின் கழுத்தில் வேப்பிலை. குமரன் ஓடிப் போய், “அக்கா, தண்ணி?” என்று நீட்டினான்.

“போடா, இன்னைக்கு என் தண்ணி அளவு முடிஞ்சிருச்சு” என்றாள் பத்மா. என்னைப் பார்த்துவிட்டாள். தலையைத் திருப்ப முடியாது, குடம் இருக்கிறது. கண்ணை மட்டும் திருப்பி, மேளத்தையும் அரோகராவையும் மீறிக் கத்தினாள்.

“மிஸ்ஸி! பழம் தொடல!”

பக்கத்தில் காவடி எடுத்து வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ரேவதி இரண்டு கைகளையும் உயர்த்தித் தட்டினார். கருணாகரன் ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே விட்டார்.

எல்லாரும் அவள் முகத்தையும் குடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கோயில் படியை அடைந்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேல் குடத்தைப் பிடித்திருந்தன. வலது கால் எழும்பிப் படியில் ஏறியது. பிறகு இடது கால்.